போர்நிபுணர் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

போரை வகைப்படுத்துவதில் நம் முன்னோரை மிஞ்ச ஆளில்லை. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணாசையில் படை நடத்தினால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை, எல்லாம் முடிந்து நிலையாமையை நினைத்தால் காஞ்சி, புரவலனைப் புகழ்ந்தால் பாடாண். மாடு பிடிக்கப் போகும்போது எந்தப் பூவைச் சூடுவது என்பதுவரை சொல்லிவைத்தவர்கள் ஒரே ஒருவனை மட்டும் விட்டுவிட்டார்கள். போர் நடக்கும் இடத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டிய அறையில் கோட்டு மாட்டிக்கொண்டு, அந்தப் போர் அடுத்த வியாழக்கிழமை எப்படி முடியும் என்று சொல்பவன் அவன். முன்னோர்மேல் குற்றமில்லை. அவர்கள் காலத்தில் அப்படி ஒருவன் இல்லை.

அக்குறையைப் போக்க இந்நூல் செய்யப்பட்டது. மூலம் எழுதியவனும் உரை எழுதியவனும் ஒருவனே; இருந்தும் சில இடங்களில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லை: வடக்கே டெலிகிராம், தெற்கே குடும்ப வாட்ஸ்அப் குழு, கிழக்கிலும் மேற்கிலும் யூடியூப். நுதலிய பொருள்: போரைப் பார்க்காமல் போரைப் பற்றிப் பேசுவோரின் வகை, தொகை, நம்பகம். கேட்போர்: இரவு ஒன்பது மணி விவாதம் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள். பயன்: தூக்கம்.

ஒன்று: படவியல்

இடமும் காலமும் இல்லாப் படத்தை
உடனே பகிர்தல் உலகத் தியல்பே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், போர்ப்படத்தின் பொதுத்தன்மை உணர்த்துதல் நுதலிற்று.

ஓசின்ட் என்று சொல்லிக்கொள்கிறார்களே, அந்தத் திறந்த மூலத் துப்பு புதிய கலை அல்ல. எதிரி நாட்டு வானொலியை உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுக்கும் வேலையை பிபிசி 1939-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்க அரசு 1941-இல் அதே வேலைக்குத் தனிப்பிரிவு அமைத்தது. அதற்கும் முன்னால், 1898-இல், ஃபிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் உலகத்துப் போர்க்கப்பல்களையெல்லாம் படம் போட்டுப் புத்தகமாக விற்றார். இப்போது மாறியிருப்பது அளவு. சிப்பாயின் சட்டைப்பையில் கேமரா இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை பூமியைப் படமெடுத்து யாருக்கும் இலவசமாகக் கொடுக்கின்றன. அதில் ஒரு புள்ளி பத்து மீட்டர். காசு கொடுத்தால் முப்பது சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தரும் கம்பெனிகள் உண்டு. முன்பு உளவுத்துறைத் தலைவர் மட்டும் பார்த்ததை இன்று கல்லூரி மாணவன் விடுதி அறையில் பார்க்கிறான். ஓட்டப்பயிற்சிச் செயலி ஸ்ட்ராவா ஏற்கெனவே வெளியிட்டிருந்த வரைபடத்தில், 2018 ஜனவரியில், பாலைவனத்தின் நடுவே ஒளிக்கோடுகள் வட்டமடிப்பதைக் கண்டு, அவை ராணுவ முகாம்களைச் சுற்றிச் சிப்பாய்கள் ஓடிய தடங்கள் என்று சொன்னவர் இருபது வயது ஆஸ்திரேலிய மாணவர்.

இந்தப் படங்களை எப்படிப் படிப்பது? அதற்குத் தனி இலக்கணம் தேடி அலைய வேண்டாம். அகப்பாட்டைப் படிக்க நம்மிடம் இருக்கும் மூன்றே போதும்: முதல், கரு, உரி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். படம் எங்கே எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது. கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறை முதலானவை. நமக்கு அது மின்கம்பம், கடைப்பலகை, வண்டி எண், துப்பாக்கி, சீருடைப் பட்டை. உரிப்பொருள் என்பது ஒழுக்கம். யார், யாரை, எதற்காக. முதலும் கருவும் சான்று கேட்கும், சான்று கொடுக்கும். உரி அப்படியல்ல. நிபுணர்கள் வழுக்கி விழும் இடம் அதுவே.

முதற்பொருள் காண்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் ஒரு காணொளி பரவியது. சீருடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் கண்ணைக் கட்டி நடத்திச் சென்று சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூன் ராணுவம் என்றார்கள். கேமரூன் அரசு பொய்ச்செய்தி என்றது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு அதை எடுத்துக்கொண்டது. காணொளியின் தொடக்கத்தில் சில நொடிகள், பின்னால் ஒரு மலைத்தொடரின் விளிம்பு தெரிகிறது. அந்த விளிம்பின் ஏற்ற இறக்கத்தை கூகுள் எர்த்தில் மலை மலையாகத் தேடினார்கள். கேமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லையருகே, ஸெலெவெட் என்ற ஊர்ப்பக்கம் பொருந்தியது. நிலம் கிடைத்தது.

பொழுது? காட்சியில் உள்ள கட்டடங்கள் எந்த ஆண்டுப் படத்தில் இருக்கின்றன, எதில் இல்லை என்று செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்ததில் 2014 இறுதிக்கும் 2016 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது. காணொளியில் தெரியும் ஒற்றையடிப் பாதை ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் மட்டுமே மேலிருந்து தென்படுகிறது. கடைசியாக, நடந்துபோகும் சிப்பாய்களின் நிழல். நிழலின் நீளத்தையும் திசையையும் வைத்துச் சூரியனின் இருப்பைக் கணித்தார்கள். 2015 மார்ச் 20 முதல் ஏப்ரல் 5-க்குள். கொலைகாரர்களின் காலடியிலேயே காலக்கணிதம் கிடந்திருக்கிறது. 2020-இல் கேமரூன் ராணுவ நீதிமன்றம் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. பொய்ச்செய்தி என்று சொன்ன அதே அரசின் நீதிமன்றம்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, செய்தவர்களின் பட்டமோ பதவியோ எங்கும் தேவைப்படவில்லை என்பது. மலை அங்கே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர் கணினியைத் திறந்து தாமே பொருத்திப் பார்க்கலாம்.

இனிப் போலி. எழுத்துப்போலியை முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி, முற்றுப்போலி என்று இலக்கணிகள் பகுத்ததுபோல், போர்ப்படப் போலியும் நால்வகைப்படும். படம் உண்மையாய், இடமும் காலமும் வேறாய் வருவது முதற்போலி. எண்ணிக்கையில் இதுவே மிகுதி. செலவு குறைவு என்பது காரணம். 2025 மே மாதம் இந்திய பாகிஸ்தான் மோதலின்போது, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜனவரி மாதம் நடந்த விமான விபத்துக் காட்சி, எரியும் கராச்சியாக ஊர் சுற்றியது. காட்சியைத் தொடாமல் ஒலியையோ தேதியையோ நடுவில் மாற்றுவது இடைப்போலி. 2022 பிப்ரவரி 18-இல் கிழக்கு உக்ரைன் பிரிவினைவாதிகள், போலந்து மொழி பேசும் நாசகாரர்கள் குளோரின் தொட்டியைத் தகர்க்க வந்து சண்டையிட்டதாக ஒரு காணொளி வெளியிட்டார்கள். கோப்பின் உள்ளே பதிவாகியிருந்த தேதி பிப்ரவரி 8. வெடிச்சத்தம், ஃபின்லாந்து ராணுவப் பயிற்சி ஒன்றின் 2010-ஆம் ஆண்டு யூடியூப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டியது. படையெடுப்புக்குக் காரணம் தயாரிக்கும் அவசரத்தில் கோப்பின் தேதியை அழிக்க மறந்திருக்கிறார்கள்.

படமும் சரி, இடமும் சரி, கடைசியில் இடும் தலைப்பு மட்டும் பொய் என்றால் கடைப்போலி. முற்றும் செயற்கை என்றால் முற்றுப்போலி. 2022 மார்ச்சில் உக்ரைன் குடியரசுத் தலைவர் ஜெலென்ஸ்கி சரணடையச் சொல்வதுபோல் கணினியில் செய்து விட்டார்கள். தலை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் போயிற்று, யாரும் ஏமாறவில்லை. வீடியோ விளையாட்டுக் காட்சிகளும் இவ்வினமே. கீயிவின் பேய் என்று பெயர் பெற்ற விமானி, போரின் முதல் நாளே ஆறு ரஷ்ய விமானங்களை வீழ்த்தியதாகப் பரவிய காட்சி ஒரு விமான விளையாட்டிலிருந்து வந்தது. அவர் ஒரு புனைவு நாயகர்தான் என்று இரண்டு மாதம் கழித்து உக்ரைன் விமானப்படையே ஒப்புக்கொண்டது. ஆனால் இவ்வினத்தின் உச்சம் 2017-இல் நிகழ்ந்தது. அமெரிக்கா ஐஎஸ் அமைப்புக்குத் துணைபோகிறது, மறுக்க முடியாத சான்று இதோ என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் படம் வெளியிட்டது. அதில் ஒன்று கைப்பேசி விளையாட்டின் விளம்பரக் காட்சி. ஆர்மா 3 என்ற விளையாட்டைச் செய்யும் செக் நாட்டு நிறுவனம் கடைசியில் பொறுக்கமாட்டாமல், எங்கள் விளையாட்டை உண்மைப் போரிலிருந்து பிரித்தறிவது எப்படி என்று 2022-இல் அறிக்கையே விட்டது.

இரண்டு: ஆளியல்

ஒருதுறை அறிந்தோன் ஒன்பது துறைக்கும்
கருத்துச் சொல்லுதல் காட்சிக் கழகே.

ஈண்டுக் காட்சி என்றது தொலைக்காட்சியை.

நிபுணருள் முதல் வகை அரங்கத் தளபதி. ஓய்வுபெற்ற அதிகாரி, மீசை விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. இவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் சேவையில் இருந்த காலத்தில் இவர் உண்மையான பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர், படைப்பிரிவுக்குச் சோறு போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர். கெடுப்பது அரங்கம். சேனல் அவரிடம் கேட்பது சோற்றைப் பற்றி அல்ல. தும்பை தொடங்குமுன்பே வாகை சூட வேண்டும், விளம்பர இடைவேளைக்குப் பின் பாடாண் பாட வேண்டும். 2025 மே 8 இரவு நம் நாட்டுச் சேனல்கள் சிலவற்றில் கராச்சித் துறைமுகம் தரைமட்டமானது. விடிந்து பார்த்தால் துறைமுகம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. செய்தி அரங்கில் வான்தாக்குதல் சங்கொலியை விடாமல் ஊதினார்கள். உண்மையாகவே சங்கு ஒலிக்கும்போது மக்கள் பொருட்படுத்தாமல் போய்விடுவார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று மே 10-ஆம் தேதி அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறை எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. எல்லைக்கு அப்பாலும் இதே கதை. பாகிஸ்தானின் துணைப் பிரதமர் இஷாக் தார், தங்கள் விமானப்படையை ஆங்கிலேய நாளிதழ் ஒன்று வானுக்கு அரசன் என்று எழுதியிருப்பதாகச் செனட்டில் பெருமிதத்தோடு சொன்னார். அப்படி ஒரு பக்கம் அந்த இதழில் வரவே இல்லை. யாரோ கணினியில் செய்தது. அதைச் சரிபார்த்துச் சொன்னது பாகிஸ்தானின் சொந்த நாளேடான டான்.

அரங்கத் தளபதியின் உள்வகை ஒன்று அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இராக் போர்க்காலத்தில் தொலைக்காட்சிகளில் நடுநிலை ஆய்வாளர்களாகத் தோன்றிய ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலருக்கு என்ன பேச வேண்டும் என்று பென்டகனே குறிப்புக் கொடுத்துவந்தது. அவர்களில் பலர் ஆயுத நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள். இதை நியூயார்க் டைம்ஸில் டேவிட் பார்ஸ்டோ 2008 ஏப்ரலில் எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். அதைச் சேனல்கள் பெரிதாகப் பேசவில்லை. பேச நிபுணர் கிடைக்கவில்லை போலும்.

இரண்டாம் வகை ஆரூடர். 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் மார்க் மில்லி, ரஷ்யா முழு வீச்சில் இறங்கினால் கீயிவ் 72 மணி நேரத்தில் விழலாம் என்று மூடிய அறையில் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. அவர் மட்டுமல்ல, ரஷ்ய ராணுவத்தை ஆண்டுக்கணக்கில் படித்த அறிஞர்களில் பெரும்பாலோர் அதையொட்டியே நினைத்தார்கள். டாங்கிகளைச் சரியாக எண்ணியிருந்தார்கள். டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கே போகிறோம் என்றே சொல்லப்படவில்லை என்பதை எண்ண முடியவில்லை. தலைநகர் விழவில்லை. உடனே ஊசல் மறுகோடிக்குப் போனது. 2023 கோடைத் தாக்குதலில் உக்ரைன் அஸோவ் கடலைத் தொட்டுவிடும் என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டார்கள்; அம்பு ரோபோடினே கிராமத்தைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை. ஃபிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 284 நிபுணர்களின் அரசியல் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேகரித்து 2005-இல் நூலாக்கினார். சராசரி நிபுணர் குருட்டாம்போக்கை விடப் பெரிதாக மேலில்லை. அவர்களிலும் ஊடகத்தில் பெயர் பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசம். உரைகாரனைக் கேட்டால், ஆரூடரைத் தண்டிக்க வேண்டாம், போன ஆண்டு அவர் சொன்னதை இந்த ஆண்டு அவர் பேசும்போது திரையின் அடியில் ஓடவிட்டால் போதும் என்பான்.

மூன்றாம் வகைக்கு டயர்வல்லார் என்று பெயரிடுகிறேன். காரணம் உண்டு. 2022 மார்ச்சில், சேற்றில் கைவிடப்பட்ட ரஷ்ய ஏவுகணை வண்டி ஒன்றின் டயர் கிழிந்த படத்தை வைத்து, ராணுவ வண்டிகளைத் தரம் பார்த்துப் பழகிய அமெரிக்கர் ஒருவர் தொடர்ச்சியாக எழுதினார். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் டயர் ஒரே பக்கம் வெயில் பட்டு வெடிக்கும், மாதம் ஒருமுறை நகர்த்த வேண்டும், நகர்த்தவில்லை என்றால் பராமரிப்புக்கான பணம் வேறெங்கோ போயிருக்கிறது என்பது வாதம். அருமையான கவனிப்பு. நம்மூர் லாரி டிரைவரிடம் காட்டியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அத்தோடு நின்றிருந்தால் பின்னால் வரும் நிழல் அளப்பார் வகையில் சேர்த்திருப்பேன். டயரைப் படித்தவரை உலகம் விடவில்லை. டயரிலிருந்து படைப்பிரிவு, படைப்பிரிவிலிருந்து பேரரசின் வீழ்ச்சி என்று ஆளாளுக்கு ஏறிக்கொண்டே போனார்கள். இவ்வகையார் பேசத் தொடங்கும்போது உண்மையானவர். எங்கே இறங்கிக்கொள்வது என்பதில்தான் தவறுகிறார்கள். தொற்றுநோய் வந்தபோது தொற்றுநோய்க்கும், கப்பல் கால்வாயில் சிக்கியபோது கப்பலுக்கும், பின்பு ட்ரோனுக்கும் இவர்களே நிபுணர்கள்.

வண்ணம் பூசுவார் நான்காமவர். வரைபடத்தில் நாள்தோறும் சிவப்பையும் நீலத்தையும் நகர்த்துவது தொழில். பயனுள்ள வேலை. சிக்கல் கோட்டின் தடிமனில் இருக்கிறது. களத்தில் யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல்வெளி சில கிலோமீட்டர் இருக்க, வரைபடத்தில் அது மயிரிழைக் கோடு. ஒரு சிப்பாய் ஊர்க்கோடி வீட்டுக் கூரையில் கொடி நட்டுப் படமெடுத்துக்கொண்டு ஓடிவிட்டாலும் ஊர் கைமாறியதாக நிறம் மாறும்.

எண்ணுவார் ஐந்தாமவர், இவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம். ஓரிக்ஸ் என்ற பெயரில் ஸ்டைன் மிட்ஸர், யோஸ்ட் ஒலிமான்ஸ் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் தொடங்கியது. விதி ஒன்றே: படம் இல்லையென்றால் கணக்கில் இல்லை. ஒவ்வொரு டாங்கியும் அழிந்தது, சேதமானது, கைவிடப்பட்டது, கைப்பற்றப்பட்டது என்ற நான்கில் ஒன்றில் விழும். எண்ணைத் தட்டினால் படம் திறக்கும். ஒரே எரிந்த டாங்கியை நான்கு பேர் நான்கு கோணத்தில் எடுத்திருப்பார்கள். அது ஒன்றா நான்கா என்று மரக்கிளையையும் சேற்றுத் தடத்தையும் ஒப்பிட்டுக் கழிப்பதில்தான் அவர்கள் இரவுகள் போயின. ரஷ்ய டாங்கி இழப்பு இப்படி ஒவ்வொன்றாக 3000-ஐத் தாண்டியது. இது உண்மை எண்ணிக்கை அல்ல, உண்மை இதற்குக் குறையாது என்பதற்கான எண்ணிக்கை. உக்ரைனியர் எதிரியின் டாங்கியை ஆர்வமாகப் படமெடுப்பார்கள், தங்களுடையதை எடுக்கமாட்டார்கள் என்ற சாய்வும் உள்ளே இருக்கிறது. இருந்தும் அமைச்சகங்கள் விடும் எண்களுக்கு நடுவே, தட்டினால் திறக்கும் எண் இது ஒன்றே.

கைக்கிளை நிபுணர் என்று ஒரு வகை. ஒருதலைக் காதல். இவர் வெளியிடும் ஒவ்வொரு படமும் உண்மை, ஒவ்வோர் இடமும் சரி. ஒரு பக்கத்தின் குற்றத்தை மட்டுமே தேடுவார், மறுபக்கம் எரிந்தால் அன்று விடுப்பு. இவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. சில சமயம் மௌனத்துக்கு நியாயமும் இருக்கும்: 2022 மார்ச் 20-இல் கீயிவின் ரெட்ரோவில் வணிக வளாகம் ஏவுகணையால் தகர்ந்தது, அதற்குமுன் அங்கே நின்ற ராணுவ வண்டிகளை ஒருவர் படமெடுத்து டிக்டாக்கில் போட்டிருந்தார் என்று உக்ரைன் பாதுகாப்புத் துறை அவரைப் பிடித்தது. இடம் சொல்வது ஆளைக் கொல்லும் என்பதால் தம் பக்கத்துப் படை நிற்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. தம் பக்கம் செய்த கொலையைச் சொல்லாமல் விடுவது வேறு. அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தனிமனிதக் குரலில் பேசுவோரைப் பெருந்திணையில் சேர்க்க. அது பொருந்தாக் காமம். விரித்தால் நூல் கெடும்.

புதிதாக முளைத்தது இயந்திர நிபுணர். எக்ஸ் தளத்தில் ஏதாவது படம் வந்தால் அடியில் இது உண்மையா என்று அத்தளத்தின் செயற்கை நுண்ணறிவான க்ரோக்கைக் கேட்கிறார்கள். அதுவும் தயங்காமல் சொல்கிறது. சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்துப் பழைய காட்சியை, பாகிஸ்தானின் நூர்கான் விமானதளத்தில் விழுந்த ஏவுகணை என்று 2025 மே மாதம் சொன்னது. அரங்கத் தளபதியின் குணங்களில் மீசை ஒன்றே இதற்குக் குறைவு.

எஞ்சியவர் நிழல் அளப்பார். இவர்களின் ஆதிகுரு என்று எலியட் ஹிக்கின்ஸைச் சொல்லலாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்காரர், அலுவலகக் கணக்குவழக்கு வேலையில் இருந்தவர், ராணுவப் பயிற்சி இல்லை, அரபு தெரியாது. 2012-இல் வீட்டிலிருந்தபடி சிரியப் போர்க் காணொளிகளைப் பார்த்து எந்தக் குண்டு எந்த ரகம் என்று எழுதத் தொடங்கினார். 2014 ஜூலையில் பெல்லிங்கேட் என்ற அமைப்பைத் தொடங்கிய சில நாளில், ஜூலை 17 அன்று, மலேசிய விமானம் எம்.எச். 17 கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். மறுநாள் ஒரு காணொளி வந்தது: லாரியில் ஏற்றப்பட்ட பூக் ஏவுகணை வண்டி, நான்கில் ஓர் ஏவுகணை இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் பத்திரிகையாளரைக் கூட்டி, அது உக்ரைன் கைவசமுள்ள ஊரில் எடுத்தது, விளம்பரப் பலகையில் அவ்வூர் முகவரி இருக்கிறது என்றது. ஆர்வலர்கள் அந்தத் தெருமுனையையும் பலகையையும் தேடிப் பிடித்தார்கள். ஊர் லுஹான்ஸ்க், பிரிவினைவாதிகள் கையில் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் நுட்பம். பூக் வண்டியின் சக்கரப் பட்டைக்கு மேல் ரப்பர் மறைப்பு ஒன்று தொங்கும். ஓடஓட அது கல்லில் உரசிக் கிழியும். எந்த இரண்டு வண்டியும் ஒரே மாதிரி கிழிவதில்லை. ஒரு மாதம் முன்பு, ஜூனில், ரஷ்யாவுக்குள் குர்ஸ்க் நகரிலிருந்து எல்லை நோக்கிப் போன ராணுவத் தொடரை வழியோரத்தில் போவோர் வருவோர் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வண்டியின் கிழிசலும் உக்ரைனில் தெரிந்த வண்டியின் கிழிசலும் மேடுபள்ளம் உட்பட ஒன்றாக இருந்தன. குர்ஸ்கின் 53-ஆம் விமான எதிர்ப்புப் படைப்பிரிவு. நெதர்லாந்து தலைமையிலான பன்னாட்டு விசாரணைக் குழு 2018 மே மாதத்தில் அதே முடிவுக்கு வந்தது. முதலும் கருவும் அசையாமல் நின்றதால் பின்னர் அவ்வழக்கை விசாரித்த நீதிமன்றம் உரிப்பொருளுக்குள் கால்வைக்க முடிந்தது.

மூன்று: அளவையியல்

அறியேன் என்றல் அறிஞர்க் குரித்தே;
அரங்கினுள் அச்சொற் கிடமிலை என்ப.

சைவ சித்தாந்திகள் அறிவுக்கான அளவையைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்கினார்கள். போர்ச்செய்திக்கும் நான்காவது இல்லை.

காட்சிக்கு பூச்சா. 2022 மார்ச் இறுதியில் ரஷ்யப் படை விலகியதும் யாப்லுன்ஸ்கா தெருவில் பிணங்கள் கிடந்தன. நாங்கள் போன பிறகு உக்ரைன் போட்ட நாடகம் என்றது மாஸ்கோ. மார்ச் நடுவில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில், அதே தெருவில், அதே இடங்களில், அதே உருவங்கள் கிடக்கின்றன. அப்போது ஊர் ரஷ்யர் கையில் இருந்தது. வாதம் முடிந்தது, மறுப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது.

கருதலுக்கு பெல்கொரோட். 2022 பிப்ரவரி 24, ரஷ்ய நேரப்படி அதிகாலை மூன்றேகால் மணியளவில், கலிஃபோர்னியாவின் மாண்டெரேயில் ஜெஃப்ரி லூயிஸ் என்ற பேராசிரியரின் குழு, ரஷ்ய எல்லையோரச் சாலையில் கூகுள் மேப்ஸ் போக்குவரத்து நெரிசல் காட்டுவதைக் கண்டது. அந்த நேரத்தில் அங்கே நெரிசல் ஏது? முந்தைய நாள் ரேடார் படத்தில் அதே இடத்தில் கவசவண்டிகள் அணிவகுத்து நின்றதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். புதின் தொலைக்காட்சியில் தோன்றும் முன்பே, படை நகர்கிறது என்று லூயிஸ் எழுதினார். மலைமேல் புகை கண்டு தீ உண்டென்பது இதுவே. சிப்பாய்களின் கைப்பேசி காட்டிய நெரிசல் அல்ல அது. படைவரிசை கடப்பதற்காக நிறுத்தப்பட்ட பொதுமக்கள் வண்டிகளாக இருக்கலாம் என்று அவரே சேர்த்தும் சொன்னார். கருதலுக்கு உயிர் அந்தச் சேர்ப்பில் இருக்கிறது.

உரை ஆபத்தானது. உக்ரைனின் பாம்புத்தீவில் ரஷ்யப் போர்க்கப்பலுக்குச் சுடச்சுடப் பதில் சொன்ன 13 காவலர்களும் மாண்டார்கள் என்று குடியரசுத் தலைவரே அறிவித்தார். பிறகு அவர்கள் உயிரோடு சிறைப்பட்டிருப்பது தெரிந்தது. 2023 அக்டோபர் 17 இரவு காசாவின் அல்அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தபோது, சில மணி நேரத்துக்குள் இஸ்ரேல் தாக்குதல், ஐந்நூறு பேர் பலி என்று உலக நாளேடுகள் தலைப்பிட்டன. தங்கள் தொடக்கச் செய்தி ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தது என்று நியூயார்க் டைம்ஸ் ஆறு நாள் கழித்து ஆசிரியர் குறிப்பு எழுதியது. மறுபுறம், பாலஸ்தீன ராக்கெட் தவறி விழுந்ததற்குச் சான்றென்று பலரும் காட்டிய அல்ஜசீராக் காட்சியில் தெரிவது இஸ்ரேலியப் பகுதியிலிருந்து ஏவப்பட்ட வேறொன்று என்று அதே நாளேட்டின் காட்சிப் புலனாய்வு கண்டது. ஒரே காணொளி, இரு கட்சி, இரு கட்சியிலும் நிபுணர்.

இவர்களுள் யாரை நம்புவது என்பதற்கு அளவுகோல் எங்கே கிடைக்கும்? தமிழர் மறக்க முடியாத ஓரிடத்தில் கிடைக்கிறது. 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது: கண்கட்டி, ஆடை களைந்து, கைதிகளைச் சீருடையினர் சுடும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. தன் பக்கத்தில் நான்கு நிபுணர்களை நிறுத்தியது. அந்நால்வரில் இருவர் இலங்கை ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் சுட்டிக்காட்டினார். அவர் தாமாக மூவரை அமர்த்தினார்: துப்பாக்கி அறிந்த ஒருவர், பிணக்கூறாய்வு மருத்துவர் ஒருவர், காணொளி ஆய்வாளர் ஒருவர். ஒவ்வொருவரும் தம் துறைக்குள் மட்டும் பேசினார்கள். துப்பாக்கியின் உதைப்பு உண்மைக் குண்டுக்குரியது, உடல் விழுந்த விதம் உண்மைச் சாவுக்குரியது, காட்சியில் வெட்டு ஒட்டு இல்லை. 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிக்கையை வெளியிட்டபோது, தங்களால் விளக்க முடியாதவற்றையும் பட்டியலிட்டார்கள். சுடப்பட்ட சிலரிடம் தெரிந்த அசைவு. கோப்புக்குள் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. அப்போது போர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எதிரி கையில் கிடைத்தால் ஆயுதமாகும் தகவலைத் தாங்களே முன்வந்து எழுதிவைத்தார்கள். அதன்பின்பும் காணொளி மெய் என்ற முடிவில் நின்றார்கள். ஆல்ஸ்டனுக்குப் பின் வந்த கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ், 2011-இல் அக்காணொளியின் நீண்ட வடிவத்தை வேறு ஆய்வாளர்களிடம் கொடுத்துப் பார்த்து, மெய்யே என்றார்.

மூலகாரனுக்கும் உரைகாரனுக்கும் முழு உடன்பாடு உள்ள இடம் இது ஒன்றுதான். பொருந்தாததைத் தானே எடுத்துக்காட்டுபவன் நிபுணன். ராணுவத்தில் இருந்தானா, வீட்டுச் சோபாவில் இருந்தானா என்பது அடுத்த கேள்வி.

புறனடை

எந்த வகுப்பிலும் அடங்காத ஒருவரைச் சொல்லி நூலை முடிக்க வேண்டியிருக்கிறது. இகோர் கிர்கின், ரஷ்ய உளவுத்துறையின் முன்னாள் கர்னல். 2022 படையெடுப்புக்குப் பின் டெலிகிராமில் நாள்தோறும் போர் விமர்சனம் எழுதினார். தன் நாட்டுத் தளபதிகளைத் திறமையற்றவர்கள் என்று வசைபாடினார். போர் நினைத்தபடி போகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தன் பக்கத்துக்கு எதிராகவே பேசுகிறார் என்பதால் மேற்குலக ஆய்வாளர்கள் அவரை நம்பி மேற்கோள் காட்டினார்கள். அளவை நூலும் அத்தகைய உரையைத் தள்ளச் சொல்லாது. 2022 நவம்பர் 17-இல், பொதுமக்களின் படங்களும் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகளும் சான்றாகக் குவிந்த எம்.எச். 17 வழக்கில், 298 பேரைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்ற மூவரில் அவர் ஒருவர். தண்டனை அவர் இல்லாமலேயே வழங்கப்பட்டது. அதன்பின்பும் அவர் எழுதினார். 2023 ஜூலையில் ரஷ்யா அவரைக் கைது செய்தது. 2024 ஜனவரியில் நான்காண்டுச் சிறை கிடைத்தது. விமானத்துக்காக அல்ல, டெலிகிராமில் எழுதியதற்காக.